வால் நுனி வெள்ளை

ஜூலை 5

நான் நாய் வளர்க்கத் தொடங்கிவிட்டேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. ஒரு நாயை ஆறு வாரம் என் கார் ஷெட்டில் வைத்திருக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். வளர்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு. கணவர் இறந்த பிறகு தனிமை தாங்காமல் துணை தேடிக்கொண்டேன் என்றும் சொல்கிறார்களாம். அதுவும் தவறு. காரை விற்றுவிட்டதால் ஷெட் காலியாக இருக்கிறது. காரணம் அவ்வளவே.

நடந்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்று கான்வென்டில் மதர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்தார். அறுபது ஆண்டுகளாக அப்படித்தான் எழுதி வருகிறேன்.

நடந்தது இது. மூன்று நாள் முன்பு உலகம்மாள் என்ற பெண் வாசல் மணியை அடித்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். மருந்துக்கடையில் வேலை. அவளும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து, அடிபட்ட தெருநாய்களையும் நோய் வந்த தெருநாய்களையும் தூக்கிவந்து வைத்தியம் பார்க்கிறார்கள். வளர்க்க ஆள் கிடைக்கும்வரை யார் வீட்டிலாவது வைக்கிறார்கள்.

"சொறி புடிச்ச நாய் ஒண்ணு இருக்கு ஆச்சி. மத்த நாய்க்கு ஒட்டிக்கிடும். அதான் நாயே இல்லாத இடமாத் தேடுதேன். பாளையங்கோட்டை பூரா சுத்திட்டேன், ஒங்க தெருவுலதான் ஒத்த நாயக் காணல. அதிசயமால்லா இருக்கு!"

என்னை ஆச்சி என்று கூப்பிட வேண்டாம் என்றேன்.

"சரி மேடம்," என்றாள்.

சம்மதித்தேன்.

ஜூலை 6

நாயை இன்று கொண்டுவந்தார்கள். எலும்பும் தோலும்தான். உடம்பில் ஒரு முடி கிடையாது. தோல் தடித்து, வெடித்து, காய்ந்த சேறு போல இருக்கிறது. இமைகள் வீங்கிக் கண் பாதி மூடியிருக்கிறது. பெண் நாய். இடது காதின் நுனியில் ஒரு வெட்டு.

"அது கருத்தடை ஆபரேசன் பண்ணின அடையாளம் மேடம். ஒரு காலத்துல யாரோ இத நல்லாப் பாத்துருக்காவ," என்றாள் உலகம்மாள். ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி, கைவிட்ட கல்குவாரி ஒன்றின் ஓரத்தில் கிடந்ததாம்.

என்ன நிறம் என்று கேட்டேன்.

"முடி முளைச்சாத்தான் தெரியும். கறுப்புன்னு நெனச்சி வளப்போம், வெள்ளையா வந்து நிக்கும். அதுல ஒரு சந்தோசம் பாத்துக்கிடுங்க."

கேட் அருகே வந்ததும் நாய் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. படுத்த இடத்திலேயே மூத்திரம் போனது. உலகம்மாள்தான் தூக்கி உள்ளே விட்டாள். விட்டதும் அது ஷெட்டுக்குப் போகவில்லை. தள்ளாடிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், கொய்யா மரத்தடியில் நின்றது.

"தண்ணி வாடை புடிச்சிருக்கும்," என்றாள் உலகம்மாள். அங்கே ஒரு குழாய் இருக்கிறது. அப்படித்தான் இருக்கும்.

ஷெட் சுவரில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தாள். எடை, மருந்து, குளியல், தேதி. எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. நான் வேறு அட்டையில் அழகாக எழுதி மாட்டினேன்.

ஜூலை 7

காலை ஐந்தே கால் மணிக்குக் கேட் தாழ்ப்பாள் சத்தம். வழக்கம்போல. எழுந்து பார்த்தேன். யாரும் இல்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

ஜூலை 9

முதல் மருந்துக் குளியல். கையுறை முழங்கை வரை. மருந்து கலந்த தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் நாயை நக்கவிடாமல் பிடித்திருக்க வேண்டும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் பிடித்தேன். நடுங்கியது. கடிக்கவில்லை.

சாப்பாடு: குழைந்த சாதம், கோழிக்கறி, உப்பு இல்லாமல். நான் பார்த்துக்கொண்டு நின்றால் சாப்பிடாது. அகன்று போன பிறகுதான் தட்டை நோக்கி வரும்.

உலகம்மாள் போனில் பல பெயர்கள் சொன்னாள். ஜூலி, பிரவுனி, லக்கி. எதற்கும் காது அசையவில்லை. நான் பெயர் எதுவும் சொல்லிப் பார்க்கவில்லை. ஆறு வாரத்துக்குப் பெயர் எதற்கு?

ஜூலை 13

மாத்திரை கொடுக்க இன்று சீக்கிரமே ஷெட்டுக்குப் போனேன். நான் அங்கே நிற்கும்போதே ஐந்தே காலுக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. நாய் தலையைத் தூக்கிக் கேட்டைப் பார்த்தது.

மார்ச்சிலிருந்து இதை என் காதுக் கோளாறு என்று நினைத்திருந்தேன். டாக்டரிடம் காட்டினேன். வயதுக்கு மிக நன்றாகக் கேட்கிறது என்று பாராட்டினார்.

கேட்டது எனக்கு மட்டும் அல்ல. இதைக் குறித்துவைக்கிறேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 18

முதுகில் பூனைமயிர் போல ஏதோ அரும்பியிருக்கிறது. நிறம் தெரியவில்லை.

உலகம்மாள் ஊசி போட வந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் வீட்டுக்குள் கூப்பிட வேண்டியதாயிற்று. இதுவரை அவளை ஷெட்டோடு நிறுத்தியிருந்தேன். துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டே நடுக்கூடத்துக்கு வந்தவள், சுவரில் இருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது தொப்பி சார்லா!"

என் கணவர் சவரிராயன் என்றேன். பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிப்ரவரி பதினொன்றாம் தேதி இறந்தார் என்றும் சொன்னேன்.

அவள் அழுதுவிட்டாள். என் எதிரே யாரும் அழுவது எனக்குப் பிடிக்காது. காபி கலந்து கொடுத்தேன்.

"எங்க கூட மூணு வருசமா வேல செஞ்சாவ மேடம். அவுக பேரு கூடக் கேட்டதில்ல. தொப்பி சார்னுதான் சொல்லுவோம். வீடு எங்கன்னா, 'வீட்ல பிடிக்காது, முக்குக்கே கொண்டாரேன்'னு சொல்லிருவாவ. நாலு நாய், ஒண்ணொண்ணா, ரஸ்க்கக் காட்டிக் காட்டியே நடத்திக் கூட்டிட்டு வருவாவ ஆபரேசனுக்கு. ஒரு வலை கெடையாது, ஒரு கயிறு கெடையாது. நாங்க அசந்து போய் நிப்போம்."

இது எனக்குத் தெரியாது. அவர் மருந்து வாங்கப் போவதாகச் சொல்வார்.

"அப்போ அந்த நாலும் இந்தத் தெரு நாய்தானா மேடம்? மார்ச்சுல எவனோ வண்டி வச்சி அள்ளிட்டுப் போயிட்டானாம். ஆபரேசன் பண்ணின நாய அதே தெருவுலதான் விடணும். வேற இடத்துல விட்டா மத்த நாய்ங்க கடிச்சே கொன்னுரும், இல்ல பட்டினில சாவும். நாங்க தேடாத இடம் இல்ல. சாருக்கு என்ன பதில் சொல்லன்னு நாங்க தவிச்சிக்கிட்டிருந்தோம், அவுக போயிட்டாவன்னு கூடத் தெரியாம. அந்த வண்டியக் கூப்பிட்டவன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா... அவன் வெளங்கவே மாட்டான் மேடம். அவன் குடும்பம் வெளங்காது."

காபித் தம்ளரை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன். மழை நின்றதும் போனாள்.

ஜூலை 19

தலைவலி. நாய்க்கு ஒரு மாத்திரை. எனக்கு ஒன்று.

ஜூலை 26

எடை இரண்டரைக் கிலோ கூடியிருக்கிறது. கண் முழுதாகத் திறந்துவிட்டது. முடி முளைத்த இடமெல்லாம் செவலை நிறம்.

இந்த ஊரில் பாதி நாய்கள் செவலைதான்.

ஜூலை 29

சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்தேன், காற்றுக்காக. அது கொய்யா மரத்தைப் பார்த்த ஜன்னல். ஐந்து வருடமாகக் காலையில் அதைச் சாத்தி வைப்பது வழக்கம். மரத்தடியில் நாய் உட்கார்ந்திருந்தது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்து, நிமிர்ந்து, சற்று ஒதுங்கி. பக்கத்தில் இன்னும் மூன்று பேர் இருக்க இடம் விட்டது போல.

ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 1

வால் நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளையாக இருந்தது. களிம்பு ஒட்டியிருக்கிறது என்று ஈரத்துணியால் துடைத்தேன்.

மூன்று முறை துடைத்தேன்.

ஆகஸ்ட் 2

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 4

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகும் வழக்கம் எனக்கு இல்லை. இன்று போனேன்.

"வாங்கம்மா, வாங்க. ஒங்க நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "எழுதிப் போட்டு நாயத் தூக்க வச்ச கையாலேயே இப்ப நாயக் குளிப்பாட்டுதீங்க. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல."

மார்ச் மாதம் வந்த வண்டி நாய்களை எங்கே விட்டது என்று கேட்டேன்.

"அது ஏதோ குவாரிப் பக்கம்னான். எதுக்கும்மா இப்போ?"

"தகவலுக்காக."

"வண்டிக்காரன் ஒங்க கடுதாசியப் பாத்து அசந்துட்டான் தெரியுமா? எப்பவும் நாலு நாயின்னா அதுல ரெண்டு நாயாவது தப்பிச்சிருமாம். நீங்கதான் எது எங்க படுக்கும், எத்தன மணிக்கு எங்க வரும், எது ஆளக் கண்டா ஓடும்னு நம்பர் போட்டு எழுதியிருந்தீயளே. பத்தே நிமிசம். படிச்சவுக எழுத்துன்னா எழுத்துதான்."

எழுந்தேன். வாசல் வரை வந்தார்.

"ஒண்ணும் கவலப்படாதீங்க. அந்த மருந்துக்கடப் பிள்ள போன வாரம் எங்கிட்டயும் வந்து கேட்டுச்சி. சங்கம் சேந்து எடுத்த முடிவுன்னு சொல்லிட்டேன். ஒங்க பேரு எங்கயும் வராது."

அவருக்கு நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

மதர் பெர்னதெத் சொன்னதை இன்று மீறுகிறேன்.

நான் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் கார்பன் நகல் வைத்திருப்பேன். அந்தக் கோப்பை எடுத்தேன். பிப்ரவரி 28. என் கையெழுத்து ஒரு இடத்திலும் நடுங்கவில்லை.

"எண் 2. செவலைப் பெண் நாய். வால் நுனி வெள்ளை. இடது காதில் வெட்டு. பகலில் தண்ணீர்த் தொட்டிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே படுக்கும். காலை ஐந்தே கால் மணிக்கு என் வீட்டுக் கேட்டுக்குத் தவறாமல் வரும். மற்ற மூன்றும் தின்று முடிக்கும்வரை ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். ஓடாது."

ஓடாது என்று எழுதியிருக்கிறேன்.

அவர் இருந்தவரை அந்த நாய்களை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பின் எப்படித் தெரிந்தது? ஐந்து வருடம், ஐந்தே காலுக்குக் கேட் தாழ்ப்பாளைத் திறந்து, அவற்றைக் கொய்யா மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தீனி வைத்துவிட்டு வந்து, காலைக் காபியின்போது அவர் சொன்னார். இன்று கறுப்பன் மதில்மேல் ஏறினான், இன்று நொண்டிக்குக் கால் சரியாகிவிட்டது என்று ஏதாவது ஒன்று. நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருப்பேன். ஒரு நாளும் 'ம்' சொன்னதில்லை. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறேன் என்பது அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் சொன்னதையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிடித்துப் போவதற்கு.

ஏன் எழுதினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அடக்கத்தன்று நான்கும் கல்லறைத் தோட்டம் வரை வந்தன. வெளியே நின்றுவிட்டுத் திரும்பின. மறுநாள் ஐந்தே காலுக்குக் கேட்டில் நின்றன. குரைக்கவில்லை. நான் கதவைத் திறந்தேன். நான்கும் என்னைத் தாண்டி, என் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தன.

பதினேழு நாள் அப்படிப் பார்த்தன. பதினேழு நாளும் நான் கதவைத் திறந்தேன், பதினேழு நாளும் என் பின்னால் யாரும் வரவில்லை. பதினேழாம் நாள் கடிதம் எழுதினேன். மார்ச் நான்காம் தேதி வண்டி வந்தது. கேட்டுக்கு நேரே நிறுத்தினார்கள். நான் உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. நிறுத்தாமல் சொன்னேன்.

மறுநாள் ஐந்தே காலுக்குக் கேட்டில் நாய்கள் இல்லை. தாழ்ப்பாள் சத்தம் மட்டும் கேட்டது.

இன்று மாலை கோப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஷெட்டுக்குப் போனேன். இரண்டாம் எண் நாய்க்கு அவர் வைத்த பெயர் எனக்குத் தெரியும். ஒதுங்கி உட்காரும் குணத்துக்காக வைத்தது. "அப்படியே உன்னை மாதிரி" என்று சொன்னார். அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை.

"சீமாட்டி," என்றேன்.

எழுந்து வந்தது. என் கையில் மூக்கை வைத்தது. கேட்டில் வண்டி நின்ற அன்று நான் எங்கே இருந்தேன் என்று அதற்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 10

உலகம்மாள் சந்தோஷமாக வந்தாள். நாகர்கோவிலில் ஒரு குடும்பம் போட்டோவைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். பதினேழாம் தேதி வந்து கூட்டிப்போவார்கள். பெரிய தோட்டம், இரண்டு பிள்ளைகள்.

"ஆறு வாரம்னு சொன்னீங்கல்லா, சரியா அதுக்குள்ள முடிச்சிட்டேன் பாத்தீங்களா?" என்றவள், நாயைக் குனிந்து பார்த்தாள். வாலைக் கையில் எடுத்தாள். வெள்ளை நுனியை விரலால் தடவினாள்.

"மேடம், தொப்பி சார் நாய்ல ஒண்ணுக்கு இப்பிடித்தான் வாலு இருக்கும்."

அவள் குரல் எனக்குக் கேட்காதது போலத் தட்டைக் கழுவினேன். என் காது மிக நன்றாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது.

போகும்போது கேட்டேன்: நாயை நானே வைத்துக்கொள்வதென்றால் என்ன செய்ய வேண்டும்?

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. "அய்யோ மேடம், ஒங்களுக்குக் குடுக்காமலா! பாரம் ஒண்ணு இருக்கு, அத மட்டும் நெரப்பிக் குடுங்க. ஒங்களுக்குச் சும்மா பேருக்குத்தான். நாகர்கோவில்காரவுககிட்ட வேற நாய் பாத்துத் தாரேம்னு சொல்லிருதேன்."

படிவத்தில் பதினோரு கேள்விகள். ஏழாவது: "இதற்கு முன் எந்த நாயையாவது உங்கள் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ அப்புறப்படுத்தியது உண்டா? ஆம் எனில் விவரம் தருக. (ஆம் என்றால் நாய் வழங்கப்பட மாட்டாது.)"

ஆகஸ்ட் 12

பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறுமையின்மை, பெருமை, ஒரு ஞாயிறு பூசைக்குத் தாமதம் என்று சொன்னேன். சாமியார் மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். மற்றதை அவரிடம் சொல்லவில்லை. அவர் மன்னித்துவிடுவார்.

திரும்பி வந்தபோது சீமாட்டி கேட்டில் நின்றது. என் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

ஆகஸ்ட் 16

காலை ஐந்தே கால். நான் முன்வாசலில் நின்றிருந்தேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் அசையவில்லை; அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீமாட்டி கேட் வரை போய் வாலை ஆட்டியது. யாருக்கோ வழிவிட்டது போல ஒதுங்கியது. பிறகு திரும்பி, கொய்யா மரத்துக்கு நடந்தது. நாய் நடக்கும் வேகம் அல்ல. ஒவ்வொரு நாலடிக்கும் நின்று, தலையை உயர்த்திப் பார்த்து, மறுபடி நடந்தது. அவருக்கு இடது முழங்கால் வலி. மெதுவாகத்தான் நடப்பார்.

நான் பின்னால் போகவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தேன். திறந்தே வைத்திருக்கிறேன்.

பிறகு உட்கார்ந்து கீழ்க்கண்ட கடிதத்தை எழுதினேன். படிவத்தோடு சேர்த்து மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். உலகம்மாள் வேலையாக இருந்தாள். "பாரமா மேடம்? அப்புறம் பாக்குதேன்," என்று சிரித்துக்கொண்டே வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தாள். நகல்:

அன்புள்ள உலகம்மாள்,

படிவத்தின் ஏழாம் கேள்விக்கு என் பதில்: ஆம்.

மார்ச் நான்காம் தேதி இந்தத் தெருவிலிருந்து நான்கு நாய்களை வண்டியில் ஏற்றியது என் கடிதத்தின் பேரில். சங்கத்தின் முடிவு என்று உன்னிடம் சொன்னது உண்மை அல்ல. கடிதத்தின் கார்பன் நகலை இணைத்திருக்கிறேன். நீ ஜூலை ஆறாம் தேதி என்னிடம் கொண்டுவந்த நாய் அதில் எண் 2. பெயர் சீமாட்டி. கூப்பிட்டால் வரும்.

மற்ற மூன்றும் அதே குவாரிப் பக்கம்தான் விடப்பட்டன என்று செயலாளர் சொன்னார். அவற்றின் அடையாளங்கள் நகலில் எண் 1, 3, 4 என்று உள்ளன. முடி உதிர்ந்திருந்தால் நிறம் உதவாது. ஆகவே நகலில் இல்லாதவற்றைச் சேர்க்கிறேன். எண் 1, கறுப்பன்: உயரமான இடத்தில்தான் படுப்பான், பாறை மேல் பாருங்கள். எண் 3, நொண்டி: வலது பின்னங்காலை ஊன்றும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்பும். எண் 4, குட்டியம்மா: ரஸ்க் உறைக் காகிதச் சத்தத்துக்கு எங்கிருந்தாலும் வரும். இவையெல்லாம் என் கணவர் சொன்னவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எட்டு மணிக்குக் குவாரிக்குப் போகிறேன். ஆட்டோ பேசியிருக்கிறேன். யாரும் துணைக்கு வர வேண்டியதில்லை.

வெளங்க மாட்டான் என்று நீ சொன்னது ஆண்பாலில் இருந்தது. திருத்திக்கொள்ளலாம்.

நாகர்கோவில் குடும்பத்தை நீ மறுபடி கூப்பிட்டால், அவர்கள் வரும் நாளில் சீமாட்டியைக் குளிப்பாட்டி, அட்டையோடு தயாராக வைத்திருப்பேன். அவர்கள் வர வேண்டாம் என்று நீ முடிவு செய்தால், அவள் இங்கே இருப்பாள். உங்கள் விதி என்ன என்று படித்தேன். விதியைத் தளர்த்தும்படி கேட்கவில்லை. ஐந்து பேரும் கடிதத்தைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சீமாட்டி என் வீட்டில் இருக்கலாமா, கூடாதா என்பதைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.

அமலோற்பவம் சவரிராயன்